பினாங்கைச் சிறு குழுவாய்ச் சுற்றிப் பார்ப்போம்

பினாங்குக்குப் பஸ் நிறையப் போய், கொடிமலையைப் பார்த்துத் திரும்புவது நம் வழக்கம். ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களை அறிய இரண்டு மூன்று குடும்பங்களே போதும். சிறு குழுவானால் நின்று பார்க்கலாம். பிள்ளைகள் கேள்வி கேட்கலாம்.

மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலையை ஒட்டி நடந்தால், 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனரின் குவான் யின் கோயில், பக்கத்துக் குவீன் தெருவில் 1833-இல் அமைந்த மகா மாரியம்மன் கோயில், 1801-இல் இந்திய முஸ்லிம்கள் தொடங்கிய பள்ளிவாசல் நான்கையும் காணலாம். 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

நம் முன்னோரில் பலர் கப்பலிலிருந்து இறங்கியதும் இங்கேதான். ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் தங்கிய பிறகே பலர் பால்மரம் வெட்டப் போனார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். பாட்டனார் எந்த ஊர், எந்தத் தோட்டம் என்பதையும் எழுதி வைப்போம். சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள்.