மொட்டை மாடியில் ஐந்து பைகள்

கோவையில் வீட்டுக் காய்கறித் தோட்டம் போட நினைப்பவர், மண்ணைப் பார்க்கும் முன் மேற்கே பார்க்க வேண்டும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை சட்டென்று அறுந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விடுகிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று இதன் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் புகுகிறது. மழையில் பெரும்பகுதியை மலையே வாங்கிக்கொள்ளும். வால்பாறையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அதே மாவட்டத்தில் இருக்கும் கோவை நகரில் 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். நம் பங்குக்குக் கிடைப்பது குளிர்ந்த காற்று, மேகமூட்டம், அவ்வப்போது தூறல்.

முளைக்கும் விதைக்கு அதுவே போதும். ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்ன பெரியவர்கள் இரண்டு பருவமழைகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வெயில் தணிந்த ஆடியில் நாற்று பிழைத்துக்கொள்ளும். அது வளர்ந்து, பூத்து, தண்ணீர் அதிகம் கேட்கும் நேரத்தில் ஐப்பசி வந்துவிடும். கோவைக்கு அதிக மழை தரும் வடகிழக்குப் பருவமும் அப்போதுதான் தொடங்கும். விதைக்கும் நாளைச் சரியாகத் தேர்ந்தால், பாதி வேலையை வானமே பார்த்துக்கொள்கிறது. ஆடி தவறினால் தைப் பட்டம் இருக்கிறது.

நிலம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஐந்து, ஆறு மணி நேரம் வெயில் விழும் மொட்டை மாடியும் ஐந்து பைகளும் போதும். கீரை, வெண்டை, கத்தரி, அவரை, சுரை என்று பைக்கு ஒன்றாக வைத்தால் ஐந்தும் ஐந்து வெவ்வேறு நுட்பங்களைக் காட்டும்.

பையில் முழுக்க மண்ணை நிரப்பினால் மாடிக்குப் பாரம். அதற்கான விடை பொள்ளாச்சியில் இருக்கிறது. தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கான நாரைப் பிரித்ததும் ஒரு பழுப்புத் தூள் மிஞ்சும். தென்னை நார்க்கழிவு என்கிறோம். ஒரு காலத்தில் மலைபோல் குவித்துவைத்த குப்பை. இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு வெளிநாட்டுக்கும் போகிறது. ஒவ்வொரு துகளும் எண்ணற்ற நுண்ணறைகள் கொண்டது. அந்த அறைகளில் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைத் தேக்கிக்கொள்ளும். 5 கிலோ கட்டியை ஊறவைத்தால் சுமார் 75 லிட்டர் அளவுக்கு, அதாவது ஐந்து குடம் கொள்ளும் அளவுக்கு உப்பிவிடும். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டு, செம்மண், மண்புழு உரம் ஆகியவற்றோடு சம அளவில் கலக்கலாம். பையின் அடியில் துளைகள் அவசியம். வேருக்கும் மூச்சு உண்டு. தண்ணீர் தேங்கினால் மண்ணுக்குள் காற்று போகாமல் வேர் அழுகிவிடும். விரலை ஒரு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

முதல் பை கீரைக்கு. தண்டுக்கீரை, சிறுகீரை வகை விதைகள் ஒரு கிராமுக்கு ஆயிரத்துக்கு மேல் இருக்கும். இத்தனை சிறிய விதைக்குள் இருக்கும் கட்டுச்சோறும் சிறியதுதான். ஆழமாகப் புதைத்தால் வெளிச்சத்தை எட்டும் முன்பே அது தீர்ந்துவிடும். எனவே விதையை மணலோடு கலந்து மேலாகத் தூவி, மண்ணை மெல்லத் தூவினால் போதும். இந்தச் செடியின் உண்மையான திறமை இலைக்குள் இருக்கிறது. பெரும்பாலான செடிகளுக்கு வெயில் ஏற ஏற உணவு தயாரிப்பில் வீணாவது கூடும். இந்தக் கீரைகளோ, சோளத்தையும் மக்காச்சோளத்தையும் போல, கரியமில வாயுவை முதலில் பிடித்து, இலையின் உள் அறைகளில் செறிவாகச் சேர்த்துவைத்துப் பயன்படுத்துகின்றன. நான்கு கார்பன் ஒளிச்சேர்க்கை என்று இதற்குப் பெயர். குறைந்த தண்ணீரில், கொளுத்தும் வெயிலில் அவை சளைக்காமல் வளர இதுவே காரணம்.

இரண்டாவது வெண்டை. தோல் கெட்டியான விதை. இரவு ஊறவைத்து நட்டால் சுமார் ஐந்து நாளில் முளைக்கும். விதையை எப்படித் தலைகீழாகப் போட்டாலும் வேர் கீழேதான் போகும். மண்ணுக்குள் இருட்டில் கீழ்த்திசையை எது சொல்கிறது? வேர் நுனியின் உறைக்குள் கனமான மாவுமணிகள் இருக்கின்றன. விதை எப்படிக் கிடந்தாலும் அவை புவியீர்ப்பால் அடிப்பக்கம் வந்து படியும். அவை படிந்த பக்கத்தில் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி சேர, அந்தப் பக்கத்து வளர்ச்சி மட்டுப்படுகிறது. மேல்பக்கம் நீள, வேர் கீழ்நோக்கி வளைகிறது. வெண்டையின் ஆணிவேர் ஆழம் தேடும். இடமாற்றம் அதற்குப் பிடிக்காது. அதனால் ஓர் அடிக்குக் குறையாத ஆழமுள்ள பையில் நேரடியாக விதைக்க வேண்டும்.

மூன்றாவது கத்தரி. நாற்று விட்டு, ஏறத்தாழ ஒரு மாதத்தில் எடுத்து நட வேண்டும். பூக்கத் தொடங்கியதும் பாதிப் பூ உதிர்வதைப் பார்த்துப் புதியவர்கள் நோய் என்று பதறுவார்கள். பூவைப் பிரித்துப் பாருங்கள். சிலவற்றில் சூல்தண்டு மஞ்சள் மகரந்தப் பைகளுக்கு மேலே நீண்டிருக்கும். சிலவற்றில் உள்ளேயே குட்டையாக ஒடுங்கியிருக்கும். காய்ப்பவை நீண்ட, நடுத்தர சூல்தண்டு உள்ளவையே. குட்டைப் பூக்கள் உதிர்வது இயல்பு.

நல்ல பூவிலும் ஒரு பூட்டு இருக்கிறது. கத்தரியின் மகரந்தப் பை மற்றப் பூக்களைப் போல வெடித்துத் திறக்காது. நுனியில் ஊசித்துளை மட்டும்தான். தச்சுத் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் இதைத் திறக்கும் வித்தை அறிந்தவை. பூவை இறுகப் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமலேயே பறக்கும் தசைகளை நொடிக்குச் சில நூறு முறை அதிரவைக்கும். மகரந்தம் துளை வழியே கொட்டும். ரீங்கார மகரந்தச் சேர்க்கை என்கிறார்கள். நாம் வளர்க்கும் தேன்கூட்டுத் தேனீக்கு இது வராது. தக்காளிப் பூவும் ஏறத்தாழ இப்படித்தான். மாடிக்கு இந்தத் தேனீக்கள் வராவிட்டால் காலையில் பூக்காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள்.

நான்காவது அவரை. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். எல்லாச் செடிக்கும் அது தேவை. ஆனால் இரண்டு அணுக்கள் மும்மடிப் பிணைப்பில் இறுகியிருப்பதால் எந்தச் செடியாலும் நேரடியாக எடுக்க முடியாது. யூரியாவுக்கு மூலமான அம்மோனியாவை உண்டாக்க ஆலைகள் 400 டிகிரிக்கு மேல் வெப்பத்தையும், நாம் உணரும் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தையும் செலவிடுகின்றன. அவரை வேரின் முண்டுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா அதே வேலையைச் சாதாரண மண்ணின் சூட்டில் செய்கிறது. செடி கூலியாகச் சர்க்கரை தருகிறது. முண்டை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் அது. இந்த வேலைக்கு ஆகாத ஆக்சிஜனை அளவாகப் பிடித்துவைக்கிறது. விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்த ரைசோபியத்தில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைத்தால் பாக்டீரியா விதையோடே குடிபுகும்.

அவரை இரவையும் அளக்கிறது. கோவையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். ஃபைட்டோகுரோம் என்னும் ஒளியுணர் நிறமியைக் கொண்டு இலை அந்தச் சிறு மாற்றத்தைக் கண்டுபிடிக்கிறது. பழைய பந்தல் அவரையை எப்போது விதைத்தாலும், இரவு நீளும் பனிக்காலத்தில்தான் பூக்கும். இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்ட குத்து அவரை ரகங்களைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. கோ 14 அவற்றில் ஒன்று. விதைப் பொட்டலத்தில் 'கோ' என்று பார்த்தால், அந்த ரகம் கோயம்புத்தூரில் பிறந்தது என்று பொருள்.

ஐந்தாவது சுரை. முதலில் பூப்பதெல்லாம் ஆண் பூ; காய்க்காமல் உதிரும். பின்னர் வரும் பெண் பூவின் கீழே பூக்கும்போதே ஒரு குட்டிச் சுரைக்காய் ஒட்டியிருக்கும். எது எத்தனை என்பதில் எத்திலீன் என்னும் வாயுவுக்குப் பங்குண்டு. மாங்காயைப் பழுக்கவைக்கும் அதே வாயு இங்கே பெண் பூவைக் கூட்டுகிறது. வெள்ளைப் பூக்கள் சாயங்காலம் விரிந்து அந்துப்பூச்சிகளை அழைக்கும். பூச்சி வராவிட்டால், அந்த நேரத்தில் ஓர் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவிவிடலாம்.

ஒன்று கவனித்திருப்பீர்கள். மேலே சொன்ன வேலைகளில் நமக்கு விழுந்தவை மிகச் சில: ஆழம் பார்த்து விதைப்பது, தண்ணீர் தேங்காமல் பார்ப்பது, தேவைப்படும்போது ஒரு பூவைச் சுண்டுவது. திசையறிவதும் உரம் செய்வதும் நாள் கணக்குப் பார்ப்பதும் செடியும் அதன் கூட்டாளிகளும் செய்பவை. காய்கறி வளர்க்கக் கைராசி வேண்டும் என்று ஒதுங்குபவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. லாலி ரோட்டை ஒட்டிய வேளாண் பல்கலைக்கழகத்தில் நல்ல விதையும் உயிர் உரமும் விலைக்குக் கிடைக்கின்றன. ஐந்தும் ஒன்றாக முடியாவிட்டால் கீரைப் பையை மட்டுமாவது வையுங்கள்; இருபத்தைந்து நாளில் பறித்துக் கடையலாம்.