லிப்ரெத்தோவை எங்க உடைக்கணும்?

இந்த எபிசோடு, நான் சொதப்பின ஒரு கதை.

ஆபீஸ்ல ஒரு ரீடிங் ஆப் பண்ணிட்டிருந்தோம். மொபைல் திரை குறுகல். அதனால வரி முடியுற இடத்துல நீளமான சொல்லை ஹைஃபன் போட்டு உடைக்கணும். இத்தாலியன் என் தலையில விழுந்தது. எனக்கோ அந்த மொழியில பீட்சாவைத் தாண்டி எதுவும் தெரியாது.

படிக்க ஆரம்பிச்சதும் விகுதிகள் சட்டுனு பிடிபட்டுச்சு. லிப்ரோன்னா புத்தகம்; 'எத்தோ' சேர்த்தா லிப்ரெத்தோ, சின்னப் புத்தகம். ஆபராவோட பாடல் வரிகளுக்கும் அதே பேர்தான். ஃபினெஸ்த்ரான்னா ஜன்னல், 'ஈனோ' சேர்த்தா ஃபினெஸ்த்ரீனோ, கார் ஜன்னல், ரயில் ஜன்னல். ஸ்பாகோன்னா கயிறு, அதுல இருந்து வந்ததுதான் நம்ம தட்டுல இருக்கிற ஸ்பகெத்தி, அதாவது 'சின்னக் கயிறுகள்'!

சரி, ஒட்டின இடத்துலயே உடைச்சிடலாம்னு கோடு எழுதினேன். திரையில 'லிப்ர்-எத்தோ'ன்னு வந்துச்சு. ரிலீஸுக்கு முதல் நாள் ராத்திரி, இத்தாலிய டெஸ்டர்கிட்ட இருந்து மெசேஜ்: "இது சொல்லே இல்லை." ரிலீஸ் நின்னுடுச்சு.

தப்பு எங்கன்னா, விகுதி உயிரெழுத்துல தொடங்குது. முன்னாடி இருக்கிற மெய் ஓடிப்போய் அதோட ஒட்டிக்குது. நம்ம கால் + இல், 'காலில்' ஆகும்போது ல் போய் 'லி' ஆகுதில்ல, அதே கதைதான். சொல் பிறக்கிற மூட்டு வேற, அசை பிரியுற மூட்டு வேற.

அசைக்கு விதிகள் கொஞ்சம்தான். ரெண்டு உயிருக்கு நடுவுல ஒரு மெய் வந்தா அடுத்த அசைக்குப் போகும்: கா-சா (வீடு). ஒரே மெய் இரட்டிச்சா நடுவுல பிரியும்: நோத்-தே (இரவு). ப்ர, த்ர மாதிரிக் கூட்டு பிரியாது: லி-ப்ரோ. ஸ-வுக்குப் பின்னாடி வேற மெய் வந்தா, எழுதும்போது ரெண்டும் சேர்ந்தே அடுத்த அசைக்குப் போகும்: பா-ஸ்தா. ஆக, லி-ப்ரெத்-தோ!

இந்த வேலைக்கு 1983-லயே ஃபிராங்க்ளின் லியாங், ஸ்டான்ஃபோர்டு ஆய்வேட்டுல ஒரு வழி கொடுத்துட்டார்: எழுத்து வரிசைகளைப் பேட்டர்னா வெச்சு உடைக்கிறது. டெக் மென்பொருள்ல ஆங்கிலத்துக்கு 4,447 பேட்டர்ன் வேணும். இத்தாலியனுக்குச் சில நூறே போதும். அவ்வளவு ஒழுங்கான மொழி.

அந்த இரட்டை மெய்யைச் சாதாரணமா நினைக்காதீங்க. கப்-பெல்-லோன்னா தொப்பி, ஒரு 'ப்' போச்சுன்னா க-பெல்-லோ, தலைமுடி.

எனக்குக் கிடைச்ச பாடம் இதுதான்: சொல்லைக் கண்ணால பார்த்து உடைக்காதீங்க, வாயால ஒரு தடவை சொல்லிப் பாருங்க.