ஆனந்தி செய்தது சரியா? அகிலன் பிறந்த மண்ணில் ஓயாத ஒரு விவாதம்

ஒருவன் பலவந்தமாக முத்தமிட்டுவிட்டான். அதற்காக அவனையே கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமா?

இன்றைக்கு ஒரு கல்லூரி மாணவியிடம் இதைக் கேட்டால் சிரிப்பார், இல்லையென்றால் கோபப்படுவார். ஆனால் 1960-களின் பிற்பகுதியில் ஆனந்த விகடன் வீட்டுக்கு வரும் நாளுக்காகக் காத்திருந்த குடும்பங்களில் இது சாதாரணக் கேள்வி இல்லை. 'சித்திரப்பாவை' தொடரில் ஆனந்தி அந்த முடிவைத்தான் எடுக்கிறாள். ஓவியன் அண்ணாமலையை நேசிக்கும் அவள், தன்னை வலுக்கட்டாயமாக முத்தமிட்ட மாணிக்கத்துக்குக் கழுத்தை நீட்டுகிறாள். அங்கே நிம்மதி இல்லை. கடைசியில் அந்த மணவாழ்க்கையை உதறிவிட்டு அண்ணாமலையிடமே வருகிறாள்.

அகிலன் எழுதிய இந்த நாவல் 1968-ல் புத்தகமாக வந்தது. 1975-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது இதற்குக் கிடைத்தது. தமிழுக்குக் கிடைத்த முதல் ஞானபீடம் அதுதான். அந்த விருதோடு சேர்ந்து ஒரு சண்டையும் வந்தது. 'இது உண்மையிலேயே பெரிய நாவலா, வாரப் பத்திரிகைக் கதையா?' என்ற அந்தக் கேள்வி இன்றுவரை ஓயவில்லை.

பெருங்களூர்க்காரர்

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் இருக்கிறது பெருங்களூர். 1922 ஜூன் 27-ல் பிறந்த பெ.வை. அகிலாண்டம் என்ற அகிலனின் ஊர் இது. அன்று புதுக்கோட்டை தனி சமஸ்தானம். படிப்பு முடிந்ததும் ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்-ல் வேலை பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார். சென்னை வானொலியிலும் பணியாற்றினார்.

அவர் கதைகள் படித்தவர்களை மட்டும் எட்டவில்லை. 'பாவை விளக்கு' 1960-ல் சிவாஜி நடித்த படமானது. 'வாழ்வு எங்கே' என்ற நாவல் 'குலமகள் ராதை' ஆனது. 'கயல்விழி' எம்.ஜி.ஆரின் 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டிய'னாகத் திரைக்கு வந்தது. சிவாஜி, எம்.ஜி.ஆர். இருவருக்குமே கதை தந்த எழுத்தாளர் என்றால் அவர் எவ்வளவு பிரபலம் என்று புரிந்துகொள்ளலாம்.

அந்தப் பிரபலமே அவர் மீதான குற்றச்சாட்டாகவும் ஆனது.

விருது வந்தது... சண்டையும் வந்தது!

சி.சு. செல்லப்பா 1959-ல் தொடங்கிய 'எழுத்து' போன்ற சிறுபத்திரிகைகளில் அப்போது வேறொரு தலைமுறை உருவாகியிருந்தது. புதுமைப்பித்தன், மௌனி, கு.ப.ரா. ஆகியோரைக் கொண்டாடிய தலைமுறை அது. க.நா. சுப்ரமண்யம் போன்ற விமர்சகர்கள், 'லட்சம் பேர் படிக்கிறார்கள் என்பதால் ஒரு புத்தகம் இலக்கியம் ஆகிவிடாது' என்ற பார்வையைப் பல ஆண்டுகளாக முன்வைத்து வந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அகிலனுக்கு ஞானபீடம். நாகர்கோவிலில் இருந்த சுந்தர ராமசாமி, 'போலி முகங்கள்' என்ற கட்டுரையில் அந்தத் தேர்வை மிகக் கடுமையாக விமர்சித்தார். தமிழில் ஒரு விருதை எதிர்த்து எழுதப்பட்ட கட்டுரைகளில் இன்றும் அதிகம் பேசப்படுவது அது.

இங்கே ஒரு தகவலைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஞானபீடம் ஒரு குறிப்பிட்ட நூலுக்காகத்தான் தரப்பட்டது. எழுத்தாளரின் ஒட்டுமொத்தப் பங்களிப்புக்குத் தருவது 1982-க்குப் பிறகு வந்த மாற்றம். அதனால் அன்றைய கேள்வி 'அகிலன் நல்ல எழுத்தாளரா?' என்பதோடு நிற்கவில்லை. 'தமிழில் தேடினால் இந்த ஒரு புத்தகம்தான் கிடைத்ததா?' என்றும் கேட்டார்கள். கோபம் அவ்வளவு சூடாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு தரப்பும் என்ன சொல்கின்றன?

அகிலனை ஏற்காதவர்களின் வாதம் இது: அவருடைய நாயகர்கள் மிக நல்லவர்கள், வில்லன்கள் மிகக் கெட்டவர்கள். அண்ணாமலை கலையின் உருவம், மாணிக்கம் பணத்தின் உருவம். நிஜ மனிதர்கள் இப்படி இரண்டு பெட்டிக்குள் அடங்குவதில்லை. கதை சொல்ல வேண்டியதை எழுத்தாளரே பிரசங்கமாகச் சொல்லிவிடுகிறார்.

ஏற்பவர்கள் இப்படிப் பதில் சொல்கிறார்கள்: தாலி கட்டியவனை விட்டு ஒரு பெண் வெளியே வருவதை, அதுவும் அவள் செய்தது சரி என்ற தொனியில், 1960-களில் லட்சக்கணக்கான வீடுகளின் கூடத்துக்கே கொண்டு போனார் அகிலன். சிறுபத்திரிகையில் அதை எழுதியிருந்தால் சில நூறு பேர்தான் படித்திருப்பார்கள். மலேசிய ரப்பர் தோட்டத் தமிழர்களின் பாட்டை 'பால்மரக் காட்டினிலே' என்று நாவலாக எழுதி, இங்குள்ள குடும்பங்களைப் படிக்க வைத்ததும் அவர்தான்.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒரு தரப்பு 'எப்படி எழுதினார்' என்று பார்க்கிறது. இன்னொரு தரப்பு 'யாரிடம் கொண்டு சேர்த்தார்' என்று பார்க்கிறது. அளவுகோலே வேறு வேறாக இருப்பதால்தான் இந்த விவாதம் ஐம்பது ஆண்டுகளாக முடியவில்லை.

அதே விகடன்... வேறு பதில்!

அகிலனை எடை போட அதே காலத்தின் இன்னொரு கதை உதவும். 1966-ல் அதே ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' சிறுகதை வந்தது. மழை பெய்யும் ஒரு மாலையில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறும் கல்லூரிப் பெண், சீரழிக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அம்மா அவளைத் துரத்தவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றி, உன் மீது எந்தக் கறையும் இல்லை என்று தேற்றுகிறாள்.

வாசகர்களிடமிருந்து எதிர்ப்பு கொந்தளித்தது. 'சரி, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள்?' என்று யோசித்து, அதையே நாவலாக எழுதினார் ஜெயகாந்தன். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் அதற்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீடமும் பின்னர் ஜெயகாந்தனைத் தேடி வந்தது.

அகிலனின் ஆனந்தி, தன் மீது கறை பட்டுவிட்டதாக நம்பிக் கல்யாணத்துக்குத் தலையாட்டுகிறாள். ஜெயகாந்தனின் அம்மா, கறையே இல்லை என்கிறாள். ஒரே காலம், ஒரே வார இதழ், ஏறக்குறைய ஒரே கேள்வி. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் இன்றைய வாசகருக்கு ஜெயகாந்தன் நெருக்கமாகத் தெரியலாம். ஆனால் ஆனந்தி எடுத்த முடிவைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவதற்கு முன், அப்படி நினைத்தே வாழ்ந்து முடித்த பெண்கள் எத்தனை பேர் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கொடும்பாளூருக்கு இரண்டு கதைகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்னொரு பட்டிமன்றத்துக்கும் இடம் இருக்கிறது. திருச்சி - மதுரை சாலையில் விராலிமலையைத் தாண்டினால் வரும் கொடும்பாளூர்தான் அது. மூன்று சன்னிதிகளில் இரண்டு மட்டும் மிஞ்சியிருக்கும் மூவர் கோயில் இங்கே இருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' வானதி இந்த ஊர் இளவரசி. ராஜேந்திர சோழன் காலத்தைச் சொல்லும் அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' நாயகன் இளங்கோவும் இந்த ஊர் இளவரசன்தான். இந்த நாவல் 1963-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது.

ஆனாலும் மணிரத்னம் படங்களுக்குப் பிறகு வானதியைத் தெரிந்தவர்கள் அளவுக்கு இளங்கோவைத் தெரிந்தவர்கள் இல்லை. இதற்குக் கல்கியின் கதை சொல்லும் திறமை மட்டும்தான் காரணமா? கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் எந்தப் பதிப்பகமும் அவற்றை அச்சிடலாம். எல்லா விலையிலும், எல்லாக் கடையிலும் 'பொன்னியின் செல்வன்' கிடைக்கிறது. செல்போனிலும் இலவசமாகப் படிக்கலாம். 'இவர்தான் பெரியவர்' என்று நாம் தீர்ப்புச் சொல்லும்போது, யாருடைய புத்தகம் கைக்கு எட்டியது என்பதும் அதில் கலந்திருக்கிறது.

சண்டை போட்டவரே மண்டபமும் கட்டினார்

இப்படிச் சண்டை போடுவது தமிழ் வாசகர்களுக்குப் புதிதில்லை. 1930-களில் பாரதியார் மகாகவியா, இல்லையா என்றே ஒரு பெரிய சண்டை நடந்தது. வ.ரா. 'மகாகவிதான்' என்றார். கல்கி அதை ஏற்கவில்லை. பாரதி பக்கம் நின்று கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய கட்டுரைகள் 1937-ல் 'கண்ணன் என் கவி' என்ற நூலாக வந்தன. பாரதி கவிதையைப் பற்றித் தமிழில் வந்த தொடக்ககால விமர்சன நூல்களில் முக்கியமானது அது.

எதிர்த்து வாதாடிய கல்கிதான் பின்னாளில் வாசகர்களிடம் நிதி திரட்டி எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் எழும்பக் காரணமாக இருந்தார். 1947-ல் அது திறக்கப்பட்டது. ஒரு கவிஞரின் தகுதியைப் பற்றிக் கேள்வி கேட்பது அவரை அவமதிப்பது ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

தீர்ப்புக்கு முன் புத்தகம்

இந்த மாதிரி விவாதங்களுக்கு ஆதாரம் தேடுபவர்களுக்குப் புதுக்கோட்டையிலேயே ஓர் இடம் இருக்கிறது. பா. கிருஷ்ணமூர்த்தியும் அவர் மனைவி டோரதியும் தங்கள் சம்பாத்தியத்தைப் போட்டு திருக்கோகர்ணத்தில் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே இருக்கின்றன. பல நூல்களின் முதல் பதிப்புகளும் பழைய இதழ்களும் அதன் தனிச் சிறப்பு. முதல் பதிப்பில் இருந்த முன்னுரை அடுத்தடுத்த பதிப்புகளில் காணாமல் போவதுண்டு. 'அவர் அப்படிச் சொன்னார்' என்பதை, புத்தகத்தைப் பிரித்தே பார்க்க முடிகிற இடம் அது.

இன்றைய சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. அகிலனைப் பற்றி இன்று கருத்து சொல்லும் பலருக்கு அவரைத் தெரிந்தது மற்றவர்களின் வரிகள் வழியாகத்தான். 'ஞானபீடம் வாங்கியவர்' என்று ஒரு வரி, 'அவர் வெறும் ஜனரஞ்சக எழுத்தாளர்' என்று இன்னொரு வரி. இரண்டுமே வேறு யாரோ கொடுத்த தீர்ப்பு. சுந்தர ராமசாமி அகிலனைப் படித்துவிட்டுத்தான் நிராகரித்தார். படிக்காமல் அந்த நிராகரிப்பை மட்டும் எடுத்துக்கொள்வது, படிக்காமல் கொண்டாடுவதைப் போலத்தான்.

உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய அம்மாவோ பாட்டியோ இருந்தால், ஆனந்தியைத் தெரியுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தெரியும் என்று சொன்னால், அவள் செய்தது சரியா என்றும் கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதில் எந்த விமர்சனக் கட்டுரையிலும் இருக்காது. பிறகு நீங்களே படித்துவிட்டு அவரோடு சண்டை போடலாம்!