நோயாளியிலும் கடலுணவிலும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்: ஓர் ஒப்பீடு

முன்னுரை

1950ஆம் ஆண்டு ஜப்பானின் ஒசாகாவில் அரைகுறையாக உலர்த்திய சிறுமீன்களை உண்ட 272 பேர் நோயுற்றனர்; அவர்களுள் 20 பேர் இறந்தனர். இதற்குக் காரணமான பாக்டீரியாவைச் சுனெசபுரோ ஃபுஜினோ பிரித்தறிந்தார். பின்னர் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் எனப் பெயர்பெற்ற இது கடல்நீரிலும் கழிமுகங்களிலும் இயல்பாக வாழ்வது; மீன், இறால், சிப்பி ஆகியவற்றில் பரவலாகக் காணப்படுவது. எனினும் அவற்றை உண்போருள் மிகச் சிலரே நோயுறுவது ஏன்? நோயாளிகளிடமும் கடலுணவிலும் பெற்ற திரிபுகளை ஒப்பிட்டால் இதற்கு விடை கிடைக்கிறது.

நச்சு மரபணுக்கள்

இரத்தமும் மிகுதியான உப்பும் சேர்த்த வாகட்சுமா வளர்ப்பூடகத்தில் சில திரிபுகள் செவ்வணுக்களைச் சிதைத்துத் தம்மைச் சுற்றித் தெளிந்த வளையத்தை உண்டாக்கும். இது கனகாவா நிகழ்வு எனப்படும். 1960களின் ஜப்பானிய ஆய்வுகளில், நோயாளிகளிடம் பெற்ற திரிபுகளுள் ஏறத்தாழ 96% இவ்வியல்பைக் காட்டின. கடல்மீனில் பெற்றவற்றுள் 1% அளவே காட்டின. செல் சவ்வைத் துளைக்கும் ஒரு நச்சுப் புரதமே இவ்வளையத்திற்குக் காரணம். அதன் மரபணு 'டிடிஎச்' ஆகும்.

1985இல் மாலத்தீவில் வயிற்றுப்போக்குக்குக் காரணமான திரிபுகள் கனகாவா நிகழ்வைக் காட்டவில்லை. அவற்றில் 'டிஆர்எச்' என்னும் உறவுடைய மற்றொரு மரபணு கண்டறியப்பட்டது. ஆகவே, வளையம் தோன்றாமையைப் பாதுகாப்பின் சான்றாகக் கொள்ள இயலாது. 1996 பிப்ரவரி முதல் கொல்கத்தா நோயாளிகளிடம் பெருகிய ஓ3:கே6 வகையோ 'டிடிஎச்' உடையது, 'டிஆர்எச்' அற்றது. இவ்வகை பின்னர் ஆசியாவின் பிற பகுதிகளுக்கும் அமெரிக்கக் கண்டங்களுக்கும் பரவியது.

மாதிரியெடுப்பின் சிக்கல்

நோயாளியின் குடலில் நோய் விளைக்கும் திரிபே பெருகுவதால் அதைப் பிரித்தெடுப்பது எளிது. கடலுணவிலோ அது தீங்கற்ற திரிபுகளிடையே மறைந்திருக்கும். டிசிபிஎஸ் ஊடகத்தில் இரண்டும் ஒரே பச்சைநிறக் குழுமங்களாகவே வளரும். நச்சுத் திரிபின் பங்கு 1% எனக் கொண்டால், ஐந்து குழுமங்களை மட்டும் சோதிப்பவருக்கு அது அகப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 5% மட்டுமே. எனவே, செறிவூட்டிய வளர்ப்பு முழுவதிலும் முதலில் பிசிஆர் முறையால் மரபணுக்களைத் தேடி, அதன்பின் குழுமங்களைப் பிரிப்பதே பொருத்தமான வழியாகும்.

முடிவுரை

கடலுணவில் இப்பாக்டீரியா உண்டு என்னும் செய்தி மட்டும் இடரின் அளவைக் காட்டாது. நச்சு மரபணு உண்டா என்பதும் அறியப்பட வேண்டும். இவ்விரு மரபணுக்களும் அற்ற திரிபுகள் சில நோயாளிகளிடம் கிடைத்திருப்பதால், அவற்றின் இன்மையும் முழு உறுதி தராது. நன்கு வேகவைத்தலும் குளிர்நிலையில் காத்தலும் எல்லாத் திரிபுகளுக்கும் பொதுவான தடுப்பாகும்.