செங்கடலில் சண்டை... பூதலூரில் உர தட்டுப்பாடு! டி.ஏ.பி. மூட்டை லேட்டாவது ஏன்?

பூதலூர்:

சொசைட்டியில் கேட்டால் "ஸ்டாக் இல்லை" என்கிறார்கள். தனியார் கடையில் கேட்டால் "அடுத்த வாரம் பாருங்க" என்கிறார்கள். சம்பா நடவு சமயத்தில் டி.ஏ.பி. உரத்துக்கு டெல்டா விவசாயிகள் அலைவது புதுசு இல்லை. ஆனால் 2024, 2025-ம் ஆண்டுகளில் அலைந்ததற்கு பெரிய காரணம் பூதலூரிலும் இல்லை, தஞ்சாவூரிலும் இல்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி கடலில் இருந்தது. அது என்ன விவகாரம்?

மூட்டை எங்கிருந்து வருது?

நம்ம நாட்டுக்கு ஒரு வருஷத்துக்கு சுமார் 1 கோடி டன் டி.ஏ.பி. தேவை. இதில் பாதி வெளிநாட்டில் இருந்து கப்பலில் வருகிறது. மீதியை இங்கேயே தயாரித்தாலும், அதற்கான பாறை, அமிலம் எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டு சரக்குதான். சவுதி அரேபியா, மொராக்கோ, சீனா, ரஷ்யா, ஜோர்டான் ஆகிய நாடுகள்தான் முக்கியமாக அனுப்புகின்றன.

50 ஆயிரம் டன் ஏற்றிய ஒரு கப்பல் என்றால் 10 லட்சம் மூட்டை. துறைமுகத்தில் இறக்கி, மூட்டை பிடித்து, சரக்கு ரயிலில் ஏற்றுவார்கள். 21 வேகனில் சுமார் 1,300 டன், அதாவது 26 ஆயிரம் மூட்டை வரும். தூத்துக்குடியில் ஏற்றினால் திருச்சி வந்து, நம்ம பூதலூர் ஸ்டேஷனை தாண்டித்தான் தஞ்சாவூருக்கு போகும். அங்கே இறக்கி லாரியில் சொசைட்டிக்கு வரும்.

கப்பல் லேட்டானால் ரயில் லேட்டு. ரயில் லேட்டானால் சொசைட்டியில் க்யூ!

செங்கடலில் என்ன நடந்தது?

மொராக்கோவில் இருந்தோ ஐரோப்பா பக்கம் இருந்தோ இந்தியாவுக்கு வர குறுக்கு வழி சூயஸ் கால்வாய். அதில் புகுந்து, செங்கடல் வழியாக இறங்கி, ஏமன் நாட்டு ஓரமாக உள்ள பாப் எல் மண்டப் என்ற குறுகலான வாசலை தாண்ட வேண்டும். அந்த வாசலின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர்தான்.

காசா போர் தொடங்கியதும் ஏமனில் உள்ள ஹவுதி படையினர் இந்த வாசலில் கப்பல்களை தாக்க ஆரம்பித்தார்கள். 2023 நவம்பர் 19-ல் 'கேலக்ஸி லீடர்' என்ற கப்பலை ஹெலிகாப்டரில் இறங்கி பிடித்தார்கள். 2024 பிப்ரவரியில் ஏவுகணை பட்ட 'ரூபிமார்' கப்பல் மார்ச் 2-ல் மூழ்கியது. அதில் இருந்தது என்ன தெரியுமா? உரம்! 20 ஆயிரம் டன்னுக்கு மேல் உரம் கடலோடு போச்சு. அடுத்த சில நாளில் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' கப்பலில் 3 பேர் செத்தார்கள். உயிர் தப்பியவர்களை மீட்டது நம்ம கடற்படையின் 'ஐ.என்.எஸ். கொல்கத்தா'.

ஆப்பிரிக்காவை சுத்தி வந்த கப்பல்கள்

வாசலில் அடி விழுந்தால் யார் போவார்கள்? கப்பல் கம்பெனிகள் பாதையை மாற்றின. சூயஸை விட்டுவிட்டு, ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனையை சுற்றி கப்பலை ஓட்டின. டி.ஏ.பி. கப்பலுக்கு இதனால் 6,500 கிலோமீட்டர் கூடுதல் தூரம் என்று மத்திய அரசே 2024 நவம்பரில் சொன்னது.

சரக்கு கப்பல் நம்ம டவுன் பஸ் வேகம்கூட போகாது. மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 600 கிலோமீட்டர். 6,500 கிலோமீட்டருக்கு 11 நாள் ஆகும்! அத்தனை நாளும் எண்ணெய் எரியணும், கப்பலுக்கு வாடகை ஓடணும், மாலுமிக்கு சம்பளம் கொடுக்கணும்.

"ஆபத்தானாலும் பரவாயில்லை, குறுக்கு வழியிலேயே போறேன்" என்று துணிந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் விடவில்லை. போர் ஆபத்துக்கான தனி பிரிமியம் கப்பல் மதிப்பில் 1 சதவீதம் வரை ஏறியது. 200 கோடி ரூபாய் கப்பல் என்றால் ஒரு தடவை தாண்ட 2 கோடி. அதைவிட சுற்றிப் போவதே மேல் என்று பலரும் முடிவு செய்தார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு கப்பலும் கூடுதல் நாள் கடலிலேயே கிடந்தால், வருஷத்துக்கு அடிக்கும் ட்ரிப் குறையும். கப்பலுக்கே கிராக்கி வரும். செங்கடல் பக்கமே போகாத கப்பலுக்கும் வாடகை ஏறும்.

சீனா போட்ட பூட்டு

பாதை மட்டும் பிரச்சினை இல்லை, சட்டமும் மாறியது. 2021 அக்டோபரில் சீனா, உரத்தை ஏற்றுமதிக்கு முன் அரசு பரிசோதனை செய்தாக வேண்டும் என்று விதி கொண்டு வந்தது. பேர்தான் பரிசோதனை, சரக்கு வெளியே போவதை கட்டுப்படுத்தும் பூட்டு அது. சீனாவில் இருந்து இந்தியா வந்த டி.ஏ.பி., 2023-24ஐ விட 2024-25ல் பாதிக்கும் கீழே சரிந்தது.

விலை ஏறலை... ஆனா மூட்டை இல்லை!

கப்பல் செலவு ஏறினால் மூட்டை விலை ஏறணுமே? ஏறவில்லை. 50 கிலோ டி.ஏ.பி. 2022-ல் இருந்து 1,350 ரூபாயில் வைக்கப்பட்டது. மீதியை மத்திய அரசு மானியமாக கம்பெனிக்கு கொடுக்கும்.

சிக்கல் இங்கேதான். விற்கும் விலையும் நிலையானது, மானியமும் முன்கூட்டியே அறிவித்த தொகை. நடுவில் கப்பல் வாடகை ஏறினால் நஷ்டம் இறக்குமதி செய்பவருக்கு. அதனால் "விலை இறங்கட்டும், அப்புறம் வாங்கலாம்" என்று ஆர்டரை தள்ளிப் போடுவார்கள். விவசாயிக்கு விலையேற்றமாக தெரிய வேண்டியது, தட்டுப்பாடாக தெரிகிறது.

இதை சரிக்கட்டத்தான் 2024 ஏப்ரல் முதல் டன்னுக்கு 3,500 ரூபாய் சிறப்பு மானியம் கொடுத்தார்கள். மூட்டைக்கு 175 ரூபாய். அப்படியும் இறக்குமதி 2023-24ல் சுமார் 55 லட்சம் டன்னாக இருந்தது, 2024-25ல் சுமார் 45 லட்சம் டன்னாக குறைந்தது. 2025 செப்டம்பரில் உர தட்டுப்பாடு பற்றி முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்கு கடிதமே எழுதினார்.

2025 ஜூலையில் சவுதியின் 'மாடன்' நிறுவனத்தோடு, 5 வருஷத்துக்கு, வருஷம் 31 லட்சம் டன் டி.ஏ.பி. வாங்க இந்திய கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டன. அந்த சரக்கு செங்கடலை தொடாது. ஆனால் ஹோர்முஸ் என்ற இன்னொரு குறுகலான வாசலை தாண்டணும். ஒரு வாசலை நம்பியதற்கு பதில் இன்னொரு வாசல், அவ்வளவுதான்!

நாத்து காத்திருக்குமா?

டி.ஏ.பி. அடியுரம். கடைசி உழவில் போட்டால்தான் வேர் பிடித்து, தூர் கட்டும். மணிச்சத்தை பிறகு மேலுரமாக போட்டால் அந்த அளவு பலன் இல்லை. 2024-ல் மேட்டூர் அணை ஜூலை 28-ல்தான் திறந்தது. தண்ணீரும் லேட்டு, உரமும் லேட்டு என்றால் நாற்றங்காலில் நாத்து முத்திப் போகும். கப்பலுக்கு 11 நாள் ஒரு கணக்கு, நாத்துக்கு அது ஆயுசில் மூணுல ஒரு பங்கு.

விவசாயிகள் என்ன செய்யலாம்?

* டி.ஏ.பி.க்காக நடவை தள்ள வேண்டாம். ஒரு மூட்டை டி.ஏ.பி.யில் 23 கிலோ மணிச்சத்து, 9 கிலோ தழைச்சத்து இருக்கு. 3 மூட்டை சூப்பர் பாஸ்பேட், 20 கிலோ யூரியா சேர்த்தால் அதே சத்து கிடைக்கும். சூப்பர் பாஸ்பேட்டில் கந்தக சத்தும் உண்டு. ராஜஸ்தானில் வெட்டும் பாறையில் இருந்தும் அதை தயாரிக்கிறார்கள்.

* காம்ப்ளக்ஸ் உரமும் போடலாம். அளவை வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக்குங்க.

* மண் பரிசோதனை செய்யுங்க. வயலில் மணிச்சத்து ஏற்கனவே நிறைய இருந்தால், டி.ஏ.பி. அளவை குறைக்கலாம்.

* மூட்டையில் அச்சடித்த விலைக்கு மேல் கேட்டால் கொடுக்காதீங்க. ஆதார் காட்டி, மெஷின் பில் வாங்குங்க. "நுண்ணூட்டம் வாங்கினால்தான் உரம்" என்று கட்டாயப்படுத்தினால் வேளாண்மை உதவி இயக்குனர் அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

* சொசைட்டியில் ஸ்டாக் வந்த பிறகு அலைவதை விட, மேட்டூர் திறப்பு அறிவிப்பு வந்ததுமே ஊருக்கு எத்தனை மூட்டை வேணும்னு சங்கத்தில் சொல்லி வைங்க. கடல் வழி எப்போ அடைபடும்னு யாருக்கும் தெரியாது. கேட்பு முன்னாடியே போனால்தான் சரக்கும் முன்னாடியே கிளம்பும்.