அந்தி வானத்தைப் படம் பிடிக்கச் சிறிய கமராவே போதும்

யாழ்ப்பாணம் பண்ணைக் கடற்கரையிலும் கொழும்பு காலிமுகத்திடலிலும் மாலை வேளைகளில் பலர் மேற்கு வானத்தைப் படம் எடுப்பதைக் காணலாம். கண்ணுக்குச் செக்கச் சிவந்து தெரிந்த வானம், படத்தில் வெளிறிய மஞ்சளாக வந்திருக்கும். மலிவான கமரா என்பதால்தான் இப்படி என்று நினைக்கிறோம். உண்மையான காரணம் அதன் ‘ஓட்டோ’ அமைப்பு.

சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி, உச்சியில் இருப்பதை விட ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிவிட, சிவப்பும் செம்மஞ்சளும் எஞ்சுகின்றன. கமராவுக்கு இது மாலை என்று தெரியாது. இருண்ட காட்சியை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவர முயல்கிறது, நிறம் கரைந்துவிடுகிறது. சிவப்பை ஒரு குறையாகக் கருதி அதையும் ‘திருத்தி’விடுகிறது.

இதைத் தடுக்க மூன்று மாற்றங்கள் போதும்.

முதலாவது, வெளிச்சத்தைக் குறைத்தல். பெரும்பாலான சிறிய கமராக்களில் கூட்டல், கழித்தல் குறிகளுடன் ஒரு பொத்தான் இருக்கும். அதை −1 இல் வைத்தால் பதிவாகும் ஒளி பாதியாகும். அது இல்லையென்றால், சூரியனுக்குப் பக்கத்திலுள்ள பிரகாசமான வானத்தை நோக்கிப் பொத்தானை அரைவாசி அழுத்திப் பிடித்தபடி காட்சியைச் சரிசெய்து, பின்னர் முழுதாக அழுத்துங்கள்.

இரண்டாவது, வைட் பலன்ஸை ஓட்டோவிலிருந்து சூரியக் குறிக்கோ முகில் குறிக்கோ மாற்றுங்கள். முகில் குறி நிறத்தை இன்னும் சூடாகக் காட்டும்.

மூன்றாவது, பிளாஷை நிறுத்துங்கள். அதன் ஒளி சில மீற்றர்களுக்கு அப்பால் போகாது.

ஸூம் செய்யாத படத்தில் சூரியனின் அகலம், படத்தின் அகலத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் வெறும் வானத்தை எடுக்காமல் ஒரு பனையையோ கரையில் நிற்கும் வள்ளத்தையோ முன்னால் வையுங்கள். அது கருநிழலாகப் பதிந்து படத்துக்கு உருவம் கொடுக்கும். கிழக்கில் இருப்பவர்கள் கடலுக்கு முதுகைக் காட்ட வேண்டும்; மட்டக்களப்பில் அந்திக்கு ஏற்ற இடம் வாவிக்கரைதான்.

இரண்டு விடயங்களில் கவனம் தேவை. கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தின் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள். திரையை மட்டும் பயன்படுத்துங்கள். கரையோரங்களில் கடற்படை முகாம்களோ காவலரண்களோ படத்துக்குள் வராதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இலங்கையில் சூரியன் கிட்டத்தட்ட நேர்செங்குத்தாக இறங்குகிறது. அடிவானத்தைத் தொட்டது முதல் மறைவது வரை இரண்டு நிமிடங்களுக்குச் சற்று அதிகமே ஆகும். ஆகவே அமைப்புகளை முன்கூட்டியே சரிசெய்துவிடுங்கள். சூரியன் மறைந்ததும் பலர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். முகில்கள் இருந்தால், அடுத்த பத்துப் பதினைந்து நிமிடங்களில்தான் வானம் முழுவதும் சிவக்கும். அப்போது ஒளி குறைவு என்பதால் கை நடுக்கம் படத்தில் தெரியும். கமராவை ஒரு மதிலில் வைத்து, இரண்டு செக்கன் டைமரில் எடுங்கள்.