தேக்குத் தூணுக்கு கிராக்கி... வீட்டுக்கு ஆள் இல்லை! செட்டிநாட்டு வீடுகள் விலை போகாதது ஏன்?

புதுக்கோட்டை:

திருமயம் பக்கம் ராயவரம், கடியாபட்டி, அரிமளம், கோனாப்பட்டு, ராங்கியம் என்று எந்த ஊருக்குள் பஸ் நுழைந்தாலும் கண்ணில் படுவது பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுகள்தான். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். உள்ளே பர்மா தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய வழுவழு சுவர், ஆத்தங்குடி கல் பதித்த தரை.

ஆனால் பல வீடுகளில் பூட்டுதான் தொங்குகிறது. விற்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடும். பார்க்க ஆள் வரும். அதோடு சரி, அப்புறம் பேச்சு மூச்சே இருக்காது.

"அந்த வீட்ல பேய் இருக்கு", "வாஸ்து சரியில்ல", "வாங்கினவன் வெளங்க மாட்டான்" என்று டீக்கடையில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். பேயும் இல்லை, வாஸ்துவும் இல்லை. உண்மையான தடை கையெழுத்து!

கட்டினது ஒருத்தர்... பங்கு 64 பேருக்கு

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் 70-க்கும் மேற்பட்ட ஊர்களில் நகரத்தார் கட்டிய இந்த வீடுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை 1850 முதல் 1940 வரை கட்டப்பட்டவை. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் தாண்டிப் போய் சம்பாதித்த காசு. 1942-ல் பர்மாவுக்குள் ஜப்பான் படை புகுந்ததும் அங்கிருந்த தொழில் ஆட்டம் கண்டது. வருமானம் நின்றது. குடும்பங்கள் பிழைப்பு தேடி வெளியூர் போயின. வீடு மட்டும் ஊரிலேயே நின்றுவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. வீட்டைக் கட்டியவருக்கு 4 பிள்ளைகள். அவர்களுக்கு தலா 4. அந்தப் பிள்ளைகளுக்கும் தலா 4. மூன்றே தலைமுறையில் 64 பேர்! ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் சிங்கப்பூரில், ஒருத்தர் அமெரிக்காவில். இவர்களில் ஒரே ஒருத்தர் மறுத்தாலும் முழு வீட்டையும் கிரயம் செய்ய முடியாது.

வீட்டின் அமைப்பும் அப்படி. கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி அறை ஒதுக்குவது வழக்கம். அறைச் சாவி தனித்தனி. முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. "முன்னோருக்கு படைப்பு போடுற வீடு, விக்கக்கூடாது" என்று சில பங்காளிகள் ஒரேயடியாக மறுத்துவிடுவதும் உண்டு.

பெண்களுக்கும் பங்கு

"அக்கா தங்கச்சிக்கு சீர் செஞ்சாச்சு, அவங்களுக்கு என்ன பங்கு?" என்று இப்போது கேட்க முடியாது. பூர்வீகச் சொத்தில் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு தமிழ்நாட்டில் 1989-லேயே சம உரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல், கல்யாணம் ஆனவர்கள் உட்பட எல்லா மகள்களுக்கும் மத்திய அரசு சட்டம் சம உரிமை கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்ட் 11-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது.

2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்திருந்தாலோ, விற்றிருந்தாலோ அது செல்லும். வாய் பேச்சில் பிரித்துக்கொண்டோம் என்றால் சிக்கல்தான். மகள் கையெழுத்து இல்லாத பத்திரத்தை நம்பி பணம் கொடுக்க விவரம் தெரிந்தவர் யாரும் முன்வர மாட்டார்.

ஒரு பங்கை மட்டும் வாங்கினால்?

ஒருத்தர் தன் பங்கை மட்டும் விற்க சட்டத்தில் தடை இல்லை. ஆனால் வாங்குகிறவருக்கு அதில் பெரிய லாபம் கிடையாது. 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டப்படி, குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டில் பங்கு வாங்கிய வெளி ஆள், அவர்களோடு சேர்ந்து குடியிருக்க உரிமை கோர முடியாது. பாகப்பிரிவினை கேட்டு கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். போனால், 1893-ம் வருட பாகப்பிரிவினைச் சட்டப்படி அந்தப் பங்கை கோர்ட்டு மதிப்பிடும் விலைக்கு குடும்பத்தாரே வாங்கிக்கொள்ளலாம். காசும் போய் அலைச்சலும் மிச்சம்!

"40 வருஷமா நான்தான் வரி கட்டுறேன், வீடு எனக்குத்தான்" என்ற வாதமும் சுலபத்தில் எடுபடாது. ஒரு பங்காளி அனுபவித்தால் எல்லோர் சார்பிலும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் பார்க்கிறது. மற்றவர் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அதன் பிறகு 12 வருடம் அனுபவித்ததை நிரூபித்தால்தான் கதை வேறு.

பேங்குக்கும் பயம்

லோன் போட்டு வாங்கலாம் என்றால் பேங்கில் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசு சான்று எல்லாம் கேட்பார்கள். புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தனி சமஸ்தானம். வீடு அந்தக் காலத்தது என்றால் பத்திரமும் அந்தக் காலத்தது. அது எந்தப் பெட்டியில், யார் வீட்டில் இருக்கிறதோ! பட்டா இன்னும் கொள்ளுத்தாத்தா பெயரில் இருந்தால் லோன் பேச்சுக்கே இடமில்லை.

தூண் மட்டும் விலை போகுது

முழு வீட்டுக்கு ஆள் வராவிட்டாலும் அதன் பாகங்களுக்கு கிராக்கி உண்டு. தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, பித்தளைப் பாத்திரம் என்று தனித்தனியாக காரைக்குடி பழைய பொருள் கடைகளுக்குப் போய்விடுகின்றன. ஓடு நழுவி மழைத் தண்ணி இறங்கினால் மரம் உளுத்துப் போகும். அதற்குள் கழற்றி விற்போம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தன. பட்டியலில் பெயர் வந்ததற்காக இடிவது நிற்கவில்லை.

கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்' இன்று பாரம்பரிய ஓட்டலாக இயங்குகிறது. அதைப் போல எல்லா வீட்டையும் ஆக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் முழு வீட்டையும் குத்தகைக்கு விடவும் பங்காளிகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.

ஓட்டு வீட்டுக்கும் இதே கதைதான்

இது பணக்கார வீட்டு சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். தாத்தா விட்டுப்போன 2 சென்ட் ஓட்டு வீட்டுக்கும் சட்டம் இதுதான். மகள் கல்யாணத்துக்கோ, ஆஸ்பத்திரி செலவுக்கோ அவசரமாக விற்கப் போகும்போதுதான் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றே பலர் பார்க்கிறார்கள். அதனால் இப்போதே செய்ய வேண்டியது:

* குடும்பத்தில் ஒருவர் இறந்தால் தாலுகா ஆபீசில் வாரிசு சான்று வாங்கி, பட்டாவை மாற்றுங்கள். மகன் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாயாரும் வாரிசு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

* அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி உட்கார்ந்து பேசி பாகப்பிரிவினையோ, விடுதலைப் பத்திரமோ பதிவு செய்யுங்கள். குடும்பத்துக்குள் செய்தால் சலுகை உண்டு. முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது. 2023 ஜூலையில் முத்திரைத் தீர்வை வரம்பு ரூ.25 ஆயிரத்தில் இருந்து ரூ.40 ஆயிரமாகவும், பதிவுக் கட்டண வரம்பு ரூ.4 ஆயிரத்தில் இருந்து ரூ.10 ஆயிரமாகவும் உயர்ந்தது.

* வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்திய தூதரகத்தில் கையெழுத்திட்டு பவர் கொடுக்கலாம். அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அது செல்லாது.

நாலு பேர் இருக்கும்போது ஒரே நாளில் முடிகிற வேலை, 64 பேர் ஆன பிறகு வருஷக்கணக்கில் இழுக்கும். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே பேசி எழுதி வைத்துவிட்டால், பிள்ளைகள் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை.